பாதி கரண்ட் காடியும் அம்புரோஸின் முழு கரண்ட்டும்

மணப்பெண் காடி ஓட்டுகிறவனை ஒருத்தரும் பார்ப்பதில்லை, காடியைத்தான் பார்ப்பார்கள். தாலி ஏறி, படமெல்லாம் பிடித்து முடிந்த பிறகு, "டிரைவர் சாப்பிட்டாரா?" என்று யாராவது ஒருத்தர் கேட்டால் அதுவே பெரிய மரியாதை. இந்தத் தொழிலில் என்னோடு சேர்ந்து வேகிற சக பாவிகளே, இதை நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்?

எனக்கு ஊர் குருண். வார நாட்களில் ஆஸ்பத்திரிக்கும் விமான நிலையத்துக்கும் ஆள் ஏற்றுவேன். சனி ஞாயிறு என்றால் கல்யாணம். என்னுடையது பிளக்-இன் ஹைபிரிட் கார். வீட்டிலேயே கரண்ட் குத்திக்கொள்ளலாம். அது தீர்ந்தால் பெட்ரோலில் ஓடும். ஒரு டாக்டரிடமிருந்து கைமாறி வந்த வெள்ளைக் காடி. சத்தமே போடாமல் மண்டப வாசலில் போய் நின்றால் சனமெல்லாம் திரும்பிப் பார்க்கும். எங்கள் பக்கத்தில் அந்த மாதிரி என்னிடம் மட்டும்தான் இருந்தது, அம்புரோஸ் முழு எலக்ட்ரிக் எடுக்கும் வரைக்கும்.

அம்புரோஸ் பக்கத்து ஊர் செமிலிங்காரன். இரண்டு பேரும் ஒரே எஸ்டேட் பள்ளியில் படித்தோம், இன்றைக்கும் ஒரே தொழில். பள்ளி நாளிலேயே நான் புதுப் பை கொண்டுபோனால் மறுவாரமே சக்கரம் வைத்த பையை இழுத்துக்கொண்டு வருவான். இந்த முறை அவன் காடியை இழுத்துக்கொண்டு வந்தது என் மகள் யாழினிக்குக் கல்யாணம் நிச்சயமான நேரத்தில். ஊர்ப் பெண்களையெல்லாம் ஏற்றிப்போனவன் நான். என் சொந்தப் பெண் எந்தக் காடியில் போவாள்? ஹைபிரிட்டைத் தள்ளிவிட்டு நானும் எலக்ட்ரிக் எடுப்பதா, வேண்டாமா? சோறு இறங்கவில்லை எனக்கு.

ஃபாதர் தெளித்த தீர்த்தம்

ஞாயிறு பூசை முடிந்ததும் சர்ச் வாசலில் காடியை மந்திரிக்கப் போகிறார்கள் என்று அம்புரோஸே போன் பண்ணி என்னை அழைத்தான். அன்பினாலா அழைத்தான்? வந்து பார்த்து வெந்து சாகட்டும் என்றுதான். நானும் போனேன். வெள்ளைக்கு மேல் வெள்ளையாகப் பளபளவென்று நிற்கிறது, பாழாய்ப் போன காடி. "சார்ஜ் குத்துற இடம் பாத்தியா மச்சான், மூக்குலயே இருக்கு" என்று முன்பக்கத்து மூடியைத் திறந்து திறந்து காட்டினான். நான் கேட்டேனா?

ஃபாதர் வந்து நாலு டயருக்கும் தீர்த்தம் தெளித்தார். எஞ்சினுக்கும் தெளிக்க வேண்டுமே, பானட்டைத் திறக்கச் சொன்னார். திறந்தால் உள்ளே எஞ்சின் இல்லை, சாமான் வைக்க ஒரு காலிப் பெட்டிதான். கையை ஓங்கியபடியே ஃபாதர் உள்ளே எட்டி எட்டிப் பார்த்தார். "மீன் வாங்கினா வச்சுக்கலாம், ஃபாதர்" என்று பின்னாலிருந்து ஓர் அக்கா சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் காடியில் அந்தப் பெட்டியும் இல்லையே என்று எனக்கு வயிறு காந்தியது. ஃபாதர் என் பக்கம் திரும்பி, ஒரு கை தீர்த்தத்தை என் மூஞ்சியில் அடித்தார். "இந்தாங்க மணியம், எஞ்சின் இங்கதான் சூடா இருக்கு."

செர்டாங் அக்காவின் கேள்வி

செர்டாங்கில் ஒரு கல்யாணம். பெண்ணின் அம்மா காடியை நேரில் பார்த்தால்தான் பேசி முடிப்பேன் என்றதால், கழுவித் துடைத்து அவ்வளவு தூரம் ஓட்டிப்போனேன். அந்த அக்கா காடியை ஒரு சுற்று சுற்றி வந்தார். சீட்டை அமுக்கிப் பார்த்தார். எல்லாம் திருப்தி என்றுதான் முகம் சொன்னது. கடைசியில், "அண்ணே, இது முழு கரண்ட்டா, பாதி கரண்ட்டா?" என்றார். இரண்டிலும் ஓடும், ரொம்ப வசதி, நடுவழியில் நிற்கவே நிற்காது என்று நானும் மூச்சு விடாமல் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏங்க, அந்த அம்புரோஸ் அண்ணனுக்கே போன் போடுங்க. நம்ம புள்ள என்ன பாதிக் கல்யாணமா பண்ணிக்குது?"

ஜன்னல் வழியாகப் போன வயர்

எங்களுடையது வரிசை வீடு. சமையலறை ஜன்னல் கம்பிக்கு இடையில் வயரை விட்டு, வாசலில் நிற்கும் காடிக்குக் கரண்ட் குத்துவேன். செர்டாங்கிலிருந்து திரும்பிய ஆத்திரத்தில் அன்றைக்கும் குத்தினேன். உள்ளே ரைஸ் குக்கர் ஓடுகிறது, யாழினி சுடுதண்ணீரைத் திறக்கிறாள், மொத்த வீடும் இருட்டு. குளியலறையிலிருந்து மகள் கத்துகிறாள், அடுப்படியிலிருந்து என் மனைவி லெட்சுமி கத்துகிறாள்.

முழு எலக்ட்ரிக் எடுத்துவிட்டால் சுவரில் தனிப் பெட்டி மாட்டித் தனி லைன் இழுத்துவிடலாம், அம்புரோஸ் வீட்டில் அப்படித்தான் மாட்டியிருக்கிறான் என்று இருட்டிலேயே நான் ஆரம்பித்தேன். ஆரம்பிக்க அதுவா நேரம்? லெட்சுமி கரண்டியோடு வெளியே வந்தாள். "எண்ணெயும் ஊத்துறீங்க, கரண்ட்டும் குத்துறீங்க, ரெண்டு பொண்டாட்டி கட்டினவன் மாதிரி ரெண்டு பக்கமும் தீனி போட்டுக்கிட்டு, இப்ப மூணாவதும் கேக்குதோ?"

ஷோரூம் தம்பி

சுங்கை பட்டாணி ஷோரூமில் நம்ம பையன் ஒருத்தன்தான் விற்பனைக்கு இருந்தான். கழுத்தில் டை, கையில் டேப்லட். விற்கிறவன் தலையில் கட்டப் பார்ப்பான், நாம் பிகு பண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்துப் போனேன். அவனோ, "ஒரு நாளைக்கு எவ்ளோ தூரம் ஓட்டுவீங்க அங்கிள்? உள்ளுக்குள்ள எஸ்டேட்டுக்கெல்லாம் போவீங்களா? அங்க சார்ஜ் குத்த இடம் இருக்கா?" என்று டாக்டர் மாதிரி விசாரித்துவிட்டு, "இப்ப இருக்கிற ஹைபிரிட்டே உங்களுக்கு சரிதான் லா, பேட்டரி மட்டும் செக் பண்ணிக்குங்க" என்கிறான். போதும் என்று சொல்ல இவனுக்குச் சம்பளமா?

விடுவேனா? அம்புரோஸ் எந்த மாடல் எடுத்தான், இதைவிடப் பெரியது இருக்கிறதா, அவன் எடுத்த வெள்ளையைவிட நல்ல வெள்ளை இருக்கிறதா என்று அடுக்கிக்கொண்டே போனேன். தம்பி டேப்லட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எனக்கு ஒரு கப் மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைத்தான். "கோவிச்சுக்காதீங்க அங்கிள், வந்ததுல இருந்து நீங்க காடியப் பத்தி ஒண்ணுமே கேக்கலியே."

யாழினி வாயைத் திறந்தாள்

யார் என்ன சொன்னால் என்ன, புக் பண்ணிவிடுவது என்று தீர்மானித்து, சாப்பாட்டு மேசையில் அறிவித்தேன். மகள் என் புது எலக்ட்ரிக்கில் போவாள், அதை அம்புரோஸ் பார்ப்பான். லெட்சுமி மகளைப் பார்த்தாள், மகள் தட்டைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள், அம்புரோஸ் அங்கிள் காடியை அவளே போன மாதம் பேசி முடித்துவிட்டாளாம்.

எனக்கு வந்ததே கோபம்! ஏன், உங்கப்பன் காடி நாறுதா, ஊரான் பெண்களெல்லாம் ஏறிப்போன காடி உனக்கு ஆகாதா, இதற்குத்தான் பெற்று வளர்த்தேனா என்று கத்திவிட்டேன். பெற்ற பிள்ளைகூட அவன் பக்கம் சாய்ந்துவிட்டதே என்று அழுகை முட்டியது. யாழினி தட்டை ஓரமாக நகர்த்தினாள். எழுந்து கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "உங்க காடின்னா நீங்கதாம்பா ஓட்டுவீங்க, வேற யாரையும் ஸ்டியரிங்கத் தொட விடமாட்டீங்க. அன்னிக்கு எனக்கு டிரைவர் வேணாம்பா, பக்கத்துல உக்கார அப்பாதான் வேணும்."

மூக்கு மறைந்த காடி

சரி என்றேன். ஆனால் வயிற்றெரிச்சல் சரி என்று சொல்லவில்லையே! கல்யாணத்தன்று காலையில் பூக்காரரைத் தனியாக இழுத்து, அம்புரோஸ் காடியைக் காட்டி, "முன்னால நல்லா அடர்த்தியா கட்டுங்க, அது என்ன காடின்னே ஒருத்தனுக்கும் தெரியக்கூடாது" என்றேன். மனிதர் சாமந்தியும் ரோஜாவுமாகச் சுற்றி, கம்பியும் டேப்பும் போட்டு, மூக்கே இல்லாமல் பண்ணிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் செர்டாங் கோவிலில் காத்திருந்தார்கள். என் ஹைபிரிட்டை மச்சினனிடம் கொடுத்து, லெட்சுமியையும் என் அக்காவையும் சீர்த்தட்டுகளோடு பின்னால் வரச் சொன்னேன். உறவுக்காரர்கள் வேனில். நான் அம்புரோஸ் காடியில் மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன சுகமான சீட்டு, சனியன்!

அலங்காரம் முடிந்து யாழினி வெளியே வர எப்போதும் போல நேரமாகியிருந்தது. அதுவரை அம்புரோஸ் ஏர்கோன், பாட்டு, விளக்கு எல்லாவற்றையும் போட்டு, வந்த சொந்தமெல்லாம் ஏறி உட்கார்ந்து படம் பிடிக்க விட்டிருந்தான். முந்தின நாளும் சவாரி போய்விட்டுச் சரியாகக் குத்தாமல் வந்திருக்கிறான். பாதி வழியில் கரண்ட் இறங்கிவிட்டது. "ஒண்ணும் சூசா இல்ல மச்சான், ஒரு கஷ்டமும் இல்ல, ஹைவே ஓய்விடத்துல கொஞ்சம் குத்திக்கலாம்" என்று கொண்டுபோய் நிறுத்தினான். குத்துகிற கம்பம் இருக்கிறது, காலியாகவும் இருக்கிறது. குத்தும் மூடிதான் சாமந்திக்கு அடியில் இருக்கிறது. அறுத்தால்தான் வரும். அம்புரோஸ் கத்திரிக்கோலை எடுத்ததும் என் அக்கா பின் காடியிலிருந்து ஓடிவந்து, இரண்டு கையையும் விரித்துப் பூவுக்கு முன்னால் நின்றுவிட்டாள். தாலி ஏறும் முன்னே பொண்ணு காடி மாலையை வெட்டுவதா, உயிரே போனாலும் விடமாட்டேன் என்கிறாள். முகூர்த்தம் போய்க்கொண்டிருக்கிறது. யாழினிக்குக் கண் கலங்கி, மை கரைய ஆரம்பித்துவிட்டது. அந்த நேரத்தில்கூட நான் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள், நீங்களும் இதே தொழில்தானே.

வேறு வழியில்லாமல் பெண் என் காடியில் போவது என்று முடிவாகி, மச்சினனும் பெண்களும் பின்னால் வந்து நின்ற வேனுக்குப் போனார்கள். யாழினி என் ஹைபிரிட்டில் ஏறினாள். லெட்சுமி தட்டிலிருந்து ஒரு மல்லிகைச் சரத்தை எடுத்து உள்கண்ணாடியில் கட்டிவிட்டுப் போனாள். கை பழக்கத்தில் நான் டிரைவர் கதவைத் திறந்தேன். யாழினி பின் சீட்டிலிருந்து என்னைப் பார்த்தாள். நான் சாவியை அம்புரோஸிடம் நீட்டிவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் கரண்ட்டில் ஓடிய காடி அப்புறம் பெட்ரோலுக்கு மாறியது. அந்த எஞ்சின் சத்தம் எனக்கு நாதஸ்வரம் மாதிரி கேட்டது. யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கண்ணாடியில் அம்புரோஸின் முகம் தெரிந்தது. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும், மாதக்கணக்காக முகம் கழுவும்போதெல்லாம் நான் பார்த்த முகம். நிற்காமல் ஓடும் காடியைப் பார்த்துதான் வேகிறான் என்று நான் மனசுக்குள் கொட்டு அடித்துக்கொண்டிருக்கும்போது அவன் சொன்னான்: "எங்க புள்ள கல்யாணத்துல நான்தான்டா காடி ஓட்டினேன், மச்சான். கோவில் வரைக்கும் புள்ள என் முதுகத்தான் பாத்துக்கிட்டு வந்துச்சு. உன்னப் பாத்தா எரியுதுடா."

காடியை மாற்ற வேண்டாம் என்று அன்றைக்கே நிம்மதியாக முடிவு செய்துவிட்டேன், ஆனால் அம்புரோஸ் இப்போது என்னுடையதைவிடப் புது ஹைபிரிட் ஒன்றை விலை பேசுகிறானாம், நாளைக்கு ஷோரூம் தம்பிக்கு ஒரு போன் போட்டுப் பார்க்க வேண்டும்.