சிங்கமும் புலியும் இழுத்த பசு

புறநகரான நோர்பரியிலிருந்து ரயிலேறி வந்து, லண்டன் அருங்காட்சியகம் ஒன்றின் அறையில் நாள் முழுக்க நின்று காவல் பார்ப்பது சிவகடாட்சத்தின் வேலை. வயது அறுபத்துமூன்று. அந்த மாதம் அவருடைய அறையில் இருந்தவை பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து ஆங்கிலக் கேலிச்சித்திரங்கள். ஒன்றில் இங்கிலாந்தைத் தடியனாக வரைந்திருந்தார்கள். இறைச்சியைத் தின்றபடியே வரியை நினைத்துப் புலம்பினான். பக்கத்தில் பிரான்ஸ், வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சுதந்திரத்தைப் புகழும் எலும்பன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவருக்கு முழங்கால் வலித்தது.

கண்காட்சிக் குழுவில் வேலை செய்த சென்னைப் பெண் ஓவியா ஒருநாள் வந்து கேட்டாள்.

“அங்கிள், ஊழியர்கள் எழுதுற குறிப்புகளையும் சுவர்ல ஒட்டப்போறோம். இந்தப் படத்தைப் பத்தி ஏதாவது எழுதுறீங்களா?”

“எனக்கு ஏலாது பிள்ளை. முந்தி யாழ்ப்பாணத்தில நானும் பேப்பருக்கு இப்பிடிக் கீறினனான். சிங்கமும் புலியும் ஒரு பசுவை ரெண்டு பக்கத்தால இழுக்கிற படம். ஆமியும் தேடி வந்தது, இயக்கப் பெடியளும் தேடி வந்தாங்கள். அதோட கீறுறதை விட்டிட்டன்.”

“அதையே எழுதுங்களேன்.”

“களைச்சுப்போனன் பிள்ளை.”

ஆனாலும் இடைவேளையில் ஒரு வரி எழுதிக் கொடுத்தார்: ‘இதை வரைந்தவரைத் தேடி யாராவது வீட்டுக்கு வந்தார்களா?’

ஓவியா அதை ஆங்கிலமாக்கிப் படத்தின் கீழே ஒட்டினாள். மறுநாள் படத்தைப் பார்த்துச் சிரித்த ஒரு பெண்மணி குனிந்து அதை வாசித்தார். அவருடைய சிரிப்பு நின்றது. பிறகு சிவகடாட்சத்திடம் வந்து, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார். அவர் கையை நீட்டி வழி காட்டினார்.