பாதி வீட்டுத் தீர்ப்பு

ஷரீஃபுன்னிசா தன் சொந்த வீட்டைப் பார்க்க பஸ் ஏறிச் செம்பூருக்குப் போவாள். உள்ளே போக முடியாது. எதிர்ச்சாரியில் நின்று, ஓடு விலகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்புவாள்.

கணவர் அப்துல் ரவூப் நோயில் விழுந்து, அவளோடு சொந்த ஊரான கடையநல்லூருக்குப் போனபோது, இரண்டு அறை கொண்ட அந்த வீட்டை நம்பிராஜனுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். திரும்பி வந்ததும் காலி செய்வதாக வாய்ப்பேச்சு. ரவூப் ஊரிலேயே இறந்துபோனார். 1980இல் அவள் மட்டும் பம்பாய் திரும்பி வந்து, தாராவியில் மகன் சலாவுதீனின் தோல்பைப் பட்டறைக்கு மேலிருந்த ஒற்றை அறையில் ஒண்டினாள். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த ஓர் அறைதான். கீழே ஓயாத சுத்தியல். பசை நெடியில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

நம்பிராஜனிடம் கேட்டுப் பார்த்தாள்.

"எங்கம்மா போவேன்? இவளுக்கு வேற இளைப்பு" என்றார். அவர் மனைவி பேராச்சி கதவோரம் நின்று மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள்.

மாதுங்காவில் வக்கீல் வேங்கடசுப்ரமணியனைப் போய்ப் பார்த்தாள்.

"வீடு உங்களோடதுங்கறது மட்டும் போறாதும்மா. உங்களுக்கு நெஜமாவே தேவைன்னு காட்டணும். அப்பறம் யாருக்குக் கஷ்டம் ஜாஸ்தின்னு கோர்ட் பாக்கும்" என்றார் அவர்.

"அவுகளுக்குத்தான் கஷ்டம்னு சொல்லிட்டா?"

"கெடைக்காது."

வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் விடியுமுன்பே குளித்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். கூண்டில் ஏறிய அன்று, மகன் வீடு இருக்கும்போது இது எதற்கு என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.

"அங்க மருமவ கால நீட்டுனா நான் மடக்கணும்யா" என்றாள்.

அதை மராத்தியில் மொழிபெயர்த்தவர் சிரித்தார். நீதிபதி சிரிக்கவில்லை. அடுத்து பேராச்சியும் கூண்டேறினாள். பேச்சு வரவில்லை, இருமல்தான் வந்தது. 'அல்லா, இவ இருமியே ஜெயிச்சிருவா போலிருக்கே' என்று ஷரீஃபுன்னிசா நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

1986இல் தீர்ப்பு வந்தது. இருவரின் தேவையும் உண்மை. வீட்டைப் பிரித்தால் எவருக்கும் பெரிய கஷ்டமில்லை. முன்னறை உரிமையாளருக்கு, பின்னறை வாடகைதாரருக்கு.

இரண்டு அறைக்கும் இடையிலிருந்த நடுவாசலை அடைத்துப் பலகை அடித்தார்கள். அவள் முன்னறையில் குடியேறினாள். நம்பிராஜன் குடும்பம் சாக்கடைப் பக்கத்துக் கதவால் போய் வந்தது. கையும் காலும் நீட்டிப் படுக்க இடம் கிடைத்தும் ஷரீஃபுன்னிசாவுக்கு உறக்கம் வரவில்லை. பலகைக்கு அப்பால் பேராச்சி புரண்டால் இவளும் புரண்டாள்.

ஆடி மழையில் சாக்கடை நிறைந்து பின்னறைக்குள் தண்ணீர் ஏறியது. பலகை தடதடவென்று அதிர்ந்தது.

"அக்கா! தொறங்கக்கா, இவரு தள்ளியும் பின்கதவு தொறக்க மாட்டேங்கு!"

அரிவாள்மணையின் கட்டையால் அடித்துப் பலகையைப் பெயர்த்தாள் ஷரீஃபுன்னிசா. பேராச்சியைக் கைத்தாங்கலாக இழுத்துத் தன் கட்டிலில் உட்கார வைத்தாள். சுக்குத் தண்ணீர் கொடுத்தாள். இரண்டு நாள் மூவரும் அந்த முன்னறையில் கிடந்தார்கள்.

வெள்ளம் வடிந்தது. பேராச்சி எழுந்து அறையைப் பெருக்கத் தொடங்கினாள். அவள் தயங்காமல் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடப்பதைப் பார்க்கப் பார்க்க, இந்த முன்னறையும் கையைவிட்டுப் போய்விடுமோ என்று ஷரீஃபுன்னிசாவுக்குத் தோன்றியது.

"அண்ணாச்சி, அந்தப் பலகைய அடிச்சிருங்க."

நம்பிராஜன் பேராச்சியைப் பின்னறைக்குக் கூட்டிப்போனார். அந்தப் பக்கம் நின்றுகொண்டு பலகையை அடித்தார்.

சாயங்காலம் பலகைக்கு அப்பால் பேராச்சியின் இருமல் கேட்டது. வெந்நீர் வேணுமா என்று கேட்க வாயெடுத்தவள், கேட்காமல் எழுந்து தெருவுக்குப் போய் நின்றாள்.