அரக்கு சுடாத விரல்

வெள்ளைக்காரன் காலத்தில் பூந்தமல்லியில் ஓர் அரசாங்க ஆபீசில் நான் ஹெட் குமாஸ்தா. தபால் உறைகளுக்கு அரக்கு முத்திரை வைப்பது, திருமழிசையிலிருந்து நடந்தே வரும் பியூனின் வேலை. ஒருநாள் உருகிய அரக்கு அவர் விரலில் சொட்டியது. அவர் அது தெரியாமலே அடுத்த உறையை எடுத்தார்.

"இன்னா அண்ணாத்தே, கையா அது, இரும்பா?" என்றான் இன்னொரு பியூன்.

நான் சிரிக்கவில்லை. கை மரத்திருந்தால் குஷ்டமோ என்று சந்தேகிக்க வேண்டும், சந்தேகித்தால் மேலே எழுத வேண்டும். நடைமுறை எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

"ஐயா, எனக்கு சர்க்கரை வியாதி கீது. அதான் வெரலு மரத்துப் போச்சு. எழுதாதீங்க, வேல பூடும்" என்று, நான் காகிதத்தை எடுத்ததுமே அவர் கெஞ்சினார்.

சர்க்கரை எப்படியப்பா விரலை மரக்க வைக்கும் என்று மடக்கிவிட்டு எழுதினேன். படித்தவன் அல்லவா!

அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்துப் பட்டணத்து ஆஸ்பத்திரிச் சான்றிதழோடு வந்தார். நீரிழிவால் நரம்பு கெட்டிருக்கிறது, குஷ்டம் இல்லை என்று அதில் தெளிவாக இருந்தது. அவர் அதை நீட்டியபோது நான் கையில் வாங்கவில்லை.

"மேஜைமேல வைப்பா" என்றேன்.

ஆபீசே பார்த்துக்கொண்டிருந்தது. வேலை அவருக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் அவர் மொண்டு தந்த தண்ணீரை அதன்பின் யாரும் குடிக்கவில்லை. ஒரு மாதத்தில் அவராகவே நின்றுவிட்டார்.

மேலே எழுதியதற்காவது விதி இருந்தது. காகிதத்தைக் கையில் வாங்காதே என்று எந்த விதியும் சொல்லவில்லை.