திரையில் விழுந்த பூட்டு

கம்ப்யூட்டர் சென்டர் நடத்தறவங்களுக்குக் கரண்ட் போறதை விட, திரையில திடீர்னு முளைக்கற சின்ன அறிவிப்புப் பெட்டிதாங்க பெரிய பயம். மலைமேல அரியூர் நாட்டுல நான் ஒரு கடை வச்சிருக்கேன். அந்தப் பெட்டியைப் பார்த்து நீங்களும் தலையில கை வச்சிருந்தா, நீங்க எனக்குச் சொந்தம்.

தோள்பைக்காரர்

கடை ஆரம்பிச்சப்ப என் மெஷின்ல ஏத்தினது எல்லாம் திருட்டு சாஃப்ட்வேர். காசு குடுத்து வாங்க வக்கில்லை. ரெய்டுக்காரங்க தோள்பையில லேப்டாப்போட வருவாங்கன்னு யாரோ சொல்லி வச்சதுல இருந்து, தோள்பையோட யார் வந்தாலும் எனக்குப் பயம்தான். ஒரு நாள் அப்படி ஒருத்தர் படியேறினார். கம்ப்யூட்டரைப் பட்டுனு அணைச்சுட்டு, கரண்ட் இல்லீங்கன்னு சொல்லிட்டேன். பாவம், அவர் வந்தது ஒரு ஜெராக்ஸுக்கு. மெதுவா மேலே நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க, கரண்டு இல்லாமயே சுத்துற ஃபேன் எங்கீங்க கெடைக்கும்?"

மூணு வருஷம்

எங்க மிளகு, தினை விவசாயிகள் குழுவுக்குப் பாப்பாத்தியக்காதான் தலைவி. யார் காட்டுல என்ன விதைச்சாங்க, என்ன எரு போட்டாங்கன்னு மூணு வருஷமா மாசாமாசம் வந்து சொல்லுவாங்க, நான் ஏத்துவேன். இயற்கை விவசாயச் சான்றிதழுக்கு அது வேணும். அந்த ஒரு சாஃப்ட்வேரை மட்டும் பயந்துக்கிட்டு நியாயமா விலைக்கு வாங்கியிருந்தேன்.

சான்றிதழுக்காகச் சோதிக்கறவர் வர நாலு நாள் இருக்கறப்ப திறந்தா, 'உரிமம் முடிந்தது'ன்னு பெட்டி. வித்த கம்பெனிக்குப் போன் போட்டா அந்த நம்பரே உபயோகத்துல இல்லை. சான்றிதழ் கிடைக்கலேன்னா அத்தனை குடும்பத்து மிளகும் சாதா விலைக்குத்தான் போகும். பாப்பாத்தியக்கா திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை. திரையைக் காட்டிக் கேட்டாங்க.

"ஏங்கண்ணு, எங்க தினை விதைய யாரையும் கேக்காம விதைக்கிறோம், பக்கத்து ஊட்டுக்கும் குடுக்கறோம். நாங்க சொல்லி நீ எழுதுனதைப் பாக்க மட்டும் யாரைக் கேக்கோணும்?"

நாலு நாள்

சேலத்துல வாத்தியாரா இருக்கற என் தம்பிகிட்டப் போன்ல அழுதேன். அவன் கட்டற்ற மென்பொருள் ஒண்ணு அனுப்பினான். பூட்டினதை இதுவும் திறக்காதுக்கா, ஆனா இனிமே நீ எழுதறதை எவனும் பூட்ட முடியாது, எத்தனை மெஷின்ல வேணாலும் போட்டுக்கோ, காசு கிடையாது, கோளாறுன்னா விவரம் தெரிஞ்ச யாரும் பிரிச்சுச் சரி பண்ணலாம்னான். நல்லவேளை, மாசாமாசம் நான் குடுத்த பிரிண்டையெல்லாம் பாப்பாத்தியக்கா பத்திரமா மடிச்சு வச்சிருந்தாங்க. அவங்க படிக்கப் படிக்க நான் தட்டினேன். விரல் வீங்கிப் போச்சு. கரண்ட் போயிடுமோன்னு நிமிஷத்துக்கு ஒருதரம் ஃபேனைப் பார்த்தேன்.

கடைசிப் பக்கம் முடியவும் வாசல்ல ஜீப் வந்து நிக்கவும் சரியா இருந்துச்சு. இறங்கினது யாருங்கறீங்க? அதே தோள்பைக்காரர்! சோதிக்கறவரே அவர்தானாம், என் கை தானா சுவிட்சுக்குப் போச்சு. ஒவ்வொரு பக்கமா பார்த்தார், காட்டைப் போய்ச் சுத்திப் பார்த்துட்டு வந்தார், கையெழுத்துப் போட்டார். பாப்பாத்தியக்கா கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. எல்லாரும் வெளியே போனதும் அவர் மட்டும் என் மேசைக்கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

"இந்தச் சாஃப்ட்வேரை எனக்கும் ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க. என் லேப்டாப்புல இருக்கறது திருட்டுங்க, பையோட யாராவது வந்தா நானும் மூடி வச்சுக்கறேன்."

இந்தச் சாஃப்ட்வேருக்கு உரிமம் முடியற நாளே கிடையாதாம். என் பயத்துக்கும் கிடையாது போல, தோள்பையைப் பார்த்தா கை இன்னும் சுவிட்சுக்குத்தான் போகுது.