முப்பத்தைந்து காவிக் கோடுகள்

அப்பாவின் விலாவில் கொப்புளங்கள் கிளம்பிய இரண்டாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். அக்கி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பார்மசி முடித்து வேலைக்கு முயன்றுகொண்டிருந்தேன். சின்ன வயதில் வந்த அம்மையின் கிருமி நரம்பில் தூங்கிக் கிடக்கும், எதிர்ப்புச் சக்தி தளர்ந்தால் எழும், ஓயாத கவலையும் அதைத் தளர்த்தும் என்று படித்திருந்தேன். மூன்று நாளுக்குள் மாத்திரையைத் தொடங்குவது நல்லது என்பதும் தெரியும்.

அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தார். மாத்திரையை வாங்கினார். விழுங்க மாட்டேன் என்றார்.

"இங்கிலீசு மருந்து தின்னா அக்கி உள்ளுக்குள்ள இறங்கிரும். வேளாரக் கூப்பிடு, எழுதட்டும்."

மண்பானை செய்யும் வேளார் காவியைக் கரைத்து, அக்கி கண்ட இடத்தில் சிங்கம் வரைவது எங்கள் பக்கத்து வழக்கம்.

"இது கவலையாலயும் வரும்ப்பா," என்றேன்.

சந்தையில் மூட்டை தூக்குகிற அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கென்னடா கவலை?"

அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள்: "இல்லாமயா? நீ இண்டர்வியூக்குப் போயிட்டு வந்ததுலருந்து இவுக எங்க தூங்குறாக? யாரு போன் அடிச்சாலும் அந்த ஆபீசான்னு கேக்குறாக."

நானே போய் வேளாரைக் கூப்பிட்டேன்.

வேளார் வந்தார். கொப்புளத்தின் மேல் பூசாமல், சுற்றியுள்ள நல்ல தோலில் மட்டும் எழுதச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

"அப்பச் சிங்கத்துக்கு வயிறு இருக்காதே தம்பி," என்று சிரித்தார்.

"பட்டினிச் சிங்கமா இருந்துட்டுப் போகுதுய்யா," என்றார் அப்பா. "எம் மகன் படிச்சவன். அவன் சொல்றபடி எழுதுங்க."

நான் விடவில்லை. "அப்ப மாத்திரையும் நான் சொல்றபடிதானே?"

"மாட்டிக்கிட்டீகளா!" என்றார் வேளார். அப்பா முறைத்தபடியே கையை நீட்டினார்.

நாளுக்கு ஐந்து மாத்திரை, ஏழு நாள். எழுதப் படிக்கத் தெரியாத அப்பா, சிரட்டையில் மிஞ்சிய காவியைத் தொட்டு, ஒவ்வொன்றை விழுங்கியதும் சுவரில் ஒரு கோடு போட்டார். அக்கி எழுதிக்கொண்டவர் வெயிலில் இறங்கக் கூடாதாம். எனக்குத் தெரிந்து முதல் முறையாக ஒரு வாரம் மூட்டை தூக்காமல் கிடந்தார், பகலிலும் தூங்கினார். காவி கிருமியைக் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஓய்வும் மனத்தெம்பும் மாத்திரைக்குத் துணை நின்றன என்று, இப்போது வேலை பார்க்கும் மருந்துக்கடையில் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.

மாத்திரை தொடங்கிய எட்டாம் நாள் கொப்புளங்கள் பொருக்குத் தட்டிவிட்டன. பார்க்க வந்த சந்தைக் கூட்டாளியை அப்பா சுவரருகே இழுத்துப்போனார்.

"எண்ணிப் பாருய்யா. முப்பத்தஞ்சு. எம் மகன் சொன்னதுல ஒண்ணு தப்பல."

கூட்டாளி விரல் வைத்து எண்ணத் தொடங்கினார். என் மதிப்பெண் பட்டியல் எதையும் அப்பா இப்படி யாருக்கும் காட்டியதில்லை.