ஆசீர்வாதத்தின் மகன் பெனடிக்ற்

அந்தச் சனிக்கிழமை விடியற்காலையில் லண்டனிலிருந்து பாரிஸுக்குப் புறப்பட்ட கோச் பஸ்ஸில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேர் இருந்தோம்: அப்பாவும், பத்து வயது நானும். அம்மா இல்லை. தங்கச்சி பிறந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது, அவளோடு அம்மா, மிச்சம் என்ற எங்கள் லண்டன் புறநகரிலேயே நின்றுவிட்டார். அப்பாவின் தகப்பன், என் அப்பப்பாவும் இல்லை. நான் பிறப்பதற்கு மூன்று வருடங்களுக்கு முன்பே யாழ்ப்பாணத்தில் இறந்துபோனவர் அவர். ஆனால் அன்று நடந்த குழப்பம் முழுவதற்கும் அவருடைய பெயர்தான் காரணம்.

பாரிஸில் மாமிக்குக் கல்யாணம். மாமி அப்பாவின் ஒரே தங்கச்சி. பிற்பகல் மூன்று மணிக்குத் தேவாலயத்தில் கல்யாணப் பூசை. அப்பப்பா இல்லாதபடியால் மாமியின் கையைப் பிடித்துப் பீடம்வரை கூட்டிக்கொண்டு போகவேண்டியவர் அப்பா. முதல் நாளே போயிருக்கலாம், ஆனால் அப்பா வேலை செய்த பெற்றோல் ஷெட்டில் வெள்ளிக்கிழமை ஷிப்டுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. பாரிஸில் உடை மாற்ற நேரம் இருக்காது என்று கோட், சூட், டையோடேயே கோச்சில் ஏறினார். சுற்றிவர இருந்தவர்கள் எல்லாம் தலையணையோடு வந்திருந்தார்கள்.

பெயர்க் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அப்பப்பாவின் பெயர் ஆசீர்வாதம். எங்கள் ஆட்களின் வழக்கப்படி தகப்பனின் பெயர் பிள்ளைக்குப் பின்னால் வரும். ஆகவே அப்பாவின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் ஆசீர்வாதம். அந்த வழக்கப்படி பார்த்தால் என் பெயருக்குப் பின்னால் அப்பாவின் சொந்தப் பெயர் வந்திருக்க வேண்டும். ஆனால் இந்த நாட்டில் குடும்பப் பெயர் என்றால் தலைமுறை தலைமுறையாக ஒன்றே என்று அப்பா கேள்விப்பட்டிருந்தார். சரி, மகனுக்கும் அப்பப்பாவின் பெயரையே வைப்போம் என்று பிறப்புப் பதியப் போனார். எழுத்துக் கூட்டிச் சொல்லும்படி அங்கே கேட்டார்கள். ஆசீர்வாதத்துக்கு ஆங்கிலத்தில் பதினொரு எழுத்து. அதில் எத்தனை 'ஈ', எத்தனை 'ஏ' என்பதில் அப்பாவுக்கே சந்தேகம். ஊரில் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர். ஆகவே பர்ஸுக்குள்ளிருந்து அப்பப்பாவின் ஞானஸ்நானப் பத்திரத்தின் பிரதியை எடுத்து நீட்டினார். பழைய காலத்துப் பாதிரியார் அதில் இலத்தீனில் பெனடிக்ற்றுஸ் என்று எழுதியிருந்தார். ஆசீர்வாதப்பர் என்று நாங்கள் கும்பிடுகிற புனிதருக்கு இலத்தீனில் அதுதான் பெயர். பதிகிறவர் வாலை வெட்டி பெனடிக்ற் என்று எழுதிக்கொண்டார்.

அப்பாவைப் பொறுத்தவரை பெயர் மாறவேயில்லை. வீட்டில் கூப்பிட்டது தமிழில், கோயில் புத்தகத்தில் எழுதியது இலத்தீனில், ஆள் ஒருவர்தான். சொந்தக் குடும்பப் பெயரை மொழிபெயர்த்துவிட்டு அன்று மத்தியானமே வேலைக்குப் போன ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும்.

கல்யாணத்துக்கு மூன்று கிழமைக்கு முன் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஒரு வேலை தந்தார்கள். உன் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது, அதன் பொருள் என்ன, இன்று அது எங்கெங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்து வகுப்பின் முன்னால் பேசவேண்டும். எனக்குப் பக்கத்தில் இருந்தவன் பெனற் என்ற பெயர்க்காரன். பெனடிக்ற் என்பது முதல் பெயர், உங்கள் ஆட்கள் தலைகீழாக எழுதிவிட்டார்கள், அதுவும் எங்களிடம் இரவல் வாங்கியது என்று அவன் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தான். நான் நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். 'பெனே' என்றால் நன்றாக. 'டிக்ற்றுஸ்' என்றால் சொல்லப்பட்டவன். நல்லது சொல்லப்பட்டவன், அதாவது ஆசீர்வதிக்கப்பட்டவன். இத்தாலியில் அது பெனெடெற்றோ, பிரான்சில் பெனுவா, ஸ்பெயினில் பெனிற்றோ. அடுத்த பக்கத்தில் என் பிறந்தநாள் பரிசுபோல ஒரு வரி இருந்தது: இங்கிலாந்தில் அந்தப் பெயர் வாயில் புரண்டு புரண்டு பெனற் ஆனது.

வகுப்பில் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "என் பெயர் தேய்ந்ததுதான் உன் பெயர்."

எந்தப் பெயர் நாட்டில் எங்கே அதிகம் என்று நிறம் தீட்டிக் காட்டும் வரைபடம் ஒன்று கணினியில் இருந்தது. பெனற் என்று அடித்தால் நாடு முழுவதும் கறுத்தது. பெனடிக்ற்றுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக நிறம் விழுந்தது. ஆசீர்வாதம் என்று அடித்தேன். ஒன்றுமே இல்லை, வெள்ளைத் தாள். அதை வீட்டில் அப்பாவுக்குச் சொன்னேன். அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "நாங்கள் இஞ்சைதான் இருக்கிறம். படம் கீறினவனுக்குத் தெரியேல்லை."

இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் கேரளத்துப் பெனடிக்ற் ஒருவர் இருக்கிறார். நான் ஏறும் பஸ்ஸை ஓட்டும் பெண்மணி சென்ற் லூசியாவில் பிறந்த பெனடிக்ற். பெயர் அட்டையைப் பார்த்துவிட்டு என்னைத் தன் மருமகன் என்று கூப்பிடுவார். பெனற்களோ எங்கும் இருக்கிறார்கள். எல்லோரையும் நான் தேய்ந்த சொந்தக்காரராகத்தான் பார்க்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை டோவர் துறைமுகத்தில் எல்லோரையும் இறக்கிக் கடவுச்சீட்டுப் பார்த்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் தலைமயிரை இறுக்கிக் கட்டிய ஒரு பெண் அதிகாரி. என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பையன் யார் என்று கேட்டார். மகன் என்றார் அப்பா. பெயர் வேறாக இருக்கிறதே என்றார் அதிகாரி.

"ஸேம் நேம்," என்றார் அப்பா.

அதிகாரி இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்று பெனடிக்ற். மற்றதை மூன்று தரம் சொல்லிப்பார்த்துக் கைவிட்டார்.

"ஸேம் நேம், மேடம்."

அப்பாவின் ஆங்கிலம் நாலாம் இலக்கப் பம்ப், ரசீது வேண்டுமா என்பதோடு முடிந்துவிடும். ஆகவே நான் முன்னுக்கு வந்தேன். பெனே என்றால் என்ன, டிக்ற்றுஸ் என்றால் என்ன என்று தொடங்கி, தமிழில் அதுதான் ஆசீர்வாதம் என்று விளக்கி, என் வகுப்பில் உள்ள பெனற்றின் பெயரும் உண்மையில் இதேதான், ஆகவே மூன்றும் ஒன்று என்று முடித்தேன். கைதட்டாதது ஒன்றுதான் குறை. அதிகாரி மிகவும் மென்மையான குரலில், இதையெல்லாம் உனக்கு யார் சொல்லித் தந்தது என்று கேட்டார். நூலகத்தை மறைத்து, பெருமையை அப்பாவுக்குக் கொடுத்தேன். "அப்பா," என்றேன். இதைச் சொல்லிப் பழகினாயா என்றார். வகுப்புப் பேச்சுக்காகக் கண்ணாடியின் முன்னால் நின்று பழகியதை நினைத்துக்கொண்டு, பல தடவை என்றேன்.

எங்களை ஓர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அங்கிருந்து அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார்கள். உங்கள் கணவர் மிஸ்டர் பெனடிக்ற்றா? இல்லை என்றார் அம்மா, உண்மையைச் சொல்லி. உங்கள் மகனின் குடும்பப் பெயர் ஆசீர்வாதமா? இல்லை என்றார், அதுவும் உண்மை. உங்கள் சொந்தக் குடும்பப் பெயர்? அம்மா தன் தகப்பனின் பெயரைச் சொன்னார். அது மூன்றாவது. அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனையைக் கீழே வைத்தார். கோச் சாரதி இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்தார். மூன்றாம் தரம் எங்கள் பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் பிடித்து ஒலிபெருக்கியில் போட்டார்கள். தமிழ்நாட்டு இளைஞன். நல்ல பிள்ளை.

"சார், வணக்கம். பையன் பேரு பதிவு பண்ணும்போது ஏதாவது தப்பு நடந்துச்சான்னு கேக்கறாங்க."

"இல்லை. பிழை ஒண்டும் நடக்கேல்லை."

"இல்ல சார், கோச்சுக்காதீங்க. தப்பா எழுதிட்டாங்கன்னு சொன்னீங்கன்னா, ஒரு ஃபாரத்துல கையெழுத்து வாங்கிட்டு அடுத்த பஸ்லயே ஏத்தி விட்டுடுவாங்க போல. ஒரே வார்த்தைதான்."

"தம்பி, நீர் நல்லதுக்குத்தான் சொல்லுறீர். ஆனால் பிழையெண்டு நான் சொல்லமாட்டன். அது என்ரை அப்பான்ரை பேர்."

"அப்பா பேரு ஆசீர்வாதம்னு இருக்கே சார்?"

"ஓம். அதுவும் அவற்றை பேர்தான்."

"சரி சார், அப்படியே சொல்லிடறேன்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. "அப்பா, பிழையெண்டு சொல்லுங்கோவன். மாமி பாத்துக்கொண்டு நிப்பா."

"நீ பேசாமல் இரு. நீ இண்டைக்குப் பேசினது காணும்."

கோட்டின் நடுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். படம் எடுக்கப் போகிறார்கள் என்பதுபோல.

எங்களை மீட்டது அம்மா. அலுமாரியைக் கவிழ்த்து என் பிறப்புப் பத்திரத்தைத் தேடி எடுத்து, தங்கச்சியைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு, ஃபாக்ஸ் இருந்த மூலைக்கடைக்கு ஓடியிருக்கிறார். கடைக்காரர் எங்கள் ஊர்க்காரர்தான். ஒன்பது மணிக்கு முன் திறக்கிற பழக்கம் இல்லையாம். அம்மா ஷட்டரில் அடித்த அடியில் மேல்வீட்டுக்காரர்கள் பொலிசுக்குத் தொலைபேசி எடுக்கப் போய்விட்டார்கள். கடைசியில் தாள் வந்தது. தகப்பன் ஆசீர்வாதம், மகன் பெனடிக்ற், இரண்டும் ஒரே தாளில், முத்திரையோடு. அதிகாரி அதை நெடுநேரம் பார்த்தார். மன்னிப்புக் கேட்டார். பிள்ளைகள் விஷயத்தில் கவனமாக இருக்கவேண்டியிருக்கிறது என்றார். இனிமேல் பிரயாணம் செய்யும்போது இந்தப் பத்திரத்தைக் கையில் வைத்திருங்கள் என்றும் சொன்னார்.

"நெக்ஸ்ற் டைம் ஆல்ஸோ ஸேம் நேம்," என்றார் அப்பா.

கப்பலில் இடம் பிடித்துக் பிரான்சின் கலே துறைமுகத்தில் இறங்கும்போது அந்த ஊர் நேரம் இரண்டு மணி தாண்டிவிட்டது. ரயிலை நம்ப முடியாது என்று டாக்ஸி பிடித்தார். பாரிஸ் என்றதும் சாரதி முதலில் சிரித்தார், பிறகு காசை முன்கூட்டியே கேட்டார்.

தேவாலயத்து வாசலில் நடந்ததை எனக்குப் பிறகு பலர் பல விதமாகச் சொன்னார்கள். மூன்று மணிக்கு மாமி பூ வைத்த காருக்குள் இருந்தார். இறங்கவில்லை. மாப்பிள்ளையின் தமையன் வந்து, யாராவது ஒரு பெரியவர் கூட்டிக்கொண்டு போகட்டும், பாதிரியாருக்கு நேரமாகிறது என்று கதவைத் தட்டினார். மாமி கண்ணாடியைப் பாதி இறக்கினார். "அண்ணை வருவார். உங்களுக்கு அவசரமெண்டால் ஆரையாவது கட்டிக்கொண்டு போங்கோ," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மேலே ஏற்றினார். நான்கு மணிக்கு வேறு கல்யாணக்காரர்கள் வந்து, கட்டி, படமும் எடுத்துக்கொண்டு போனார்கள். மாமி இறங்கவில்லை. ஐந்தரைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தோம். ஆறு மணிக்கு வழக்கமான பங்குப் பூசை. இடையில் கிடைத்த அரை மணித்தியாலத்தில் பாதிரியார் வசனங்களை விழுங்கி விழுங்கிக் கல்யாணத்தை முடித்தார்.

மண்டபத்தில் சாப்பிடும்போது மாமி, என்னண்ணை நடந்தது என்று கேட்டார். அப்பா இரண்டு வசனத்தில் சொன்னார். பிழையெண்டு சொல்லச் சொன்னாங்கள், நான் சொல்லேல்லை. மாமி குனிந்து அழுதார், கண் மை சோற்றுக்குள் விழுந்தது. பிந்தி வந்ததற்குத்தான் அழுகிறார் என்று நான் நினைத்தேன். அப்பாவின் மேல் எனக்குக் கடுங்கோபம். ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் மூன்று மணிக்கு முன் வந்திருக்கலாம். அடுத்த கிழமை அவர் என் தங்கச்சியின் பிறப்பைப் பதியப் போனார். குடும்பப் பெயர் என்று கேட்டார்கள். பெனடிக்ற் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். இந்த மனிதருக்குப் படிப்பே ஏறாது என்று நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடிக்கப் போகிறவன் என்ற திமிர் அப்போதே எனக்கு இருந்தது.

எனக்கு இருபது வயதானபோது மாமிதான் மிச்சத்தைச் சொன்னார். லண்டனுக்கு வருமுன் அப்பா பதினொரு மாதம் ஜேர்மனியில் இருந்தவர். வேறொருவரின் கடவுச்சீட்டில், அந்த வேறொருவரின் பெயரில். கேட்கிறவர்களுக்கெல்லாம் அந்த மனிதரின் தகப்பன் பெயரையே தன் தகப்பன் பெயராகச் சொல்லிக்கொண்டு இருந்தவர். அப்பப்பா இறந்த அன்று மாமி கொழும்பிலிருந்து, அப்பா அங்கே தங்கியிருந்த வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். எடுத்தவரிடம் அண்ணையின் பெயரைக் கேட்க ஏலாது. முன்பின் தெரியாத அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லி, அந்தப் பெயரில் வந்து நின்றவரிடம், அப்பா போய்விட்டார் என்று சொன்னாராம். பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். "ஓம், விளங்குது," என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் தொலைபேசியை வைத்தாராம்.

பத்து வயதில் இது எனக்குத் தெரியாது. பெயர் என்றால் அகராதியில் தேடிப் பொருள் கண்டுபிடிக்கிற ஒன்று என்று நினைத்திருந்தேன். கப்பல் டிக்கெட், டாக்ஸி, மண்டபத்துக்கு மேலதிக நேரம் எல்லாவற்றையும் அப்பா ஒன்றரை வருடம் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை செய்துதான் கட்டி முடித்தார். அந்தக் காசு அதிகம் என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை: மொத்தம் ஆயிரத்து முந்நூற்று எண்பது பவுண்.