அடுத்த ஆர்டர்

முதலியார்பேட்டையில் யாருக்குக் காது குத்தினாலும், எந்த வீட்டில் எழவு விழுந்தாலும் என் கடைக்குத்தான் வருவார்கள். ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை. இந்தத் தீபலட்சுமிக்குப் பொறுமையே கிடையாது என்று தெருவே சொல்லும், சொல்லிவிட்டுப் போகட்டும்.

கார்குழலி என்னிடம் டிசைன் வேலைக்கு வந்தபோது கல்லூரியில் கடைசி வருடம். தாய் இல்லாத பெண். அப்பா கோவிந்தராசு மில் மூடியதிலிருந்து ஏடிஎம் வாசலில் காவல். காலாப்பட்டுப் பக்கம் கல்லூரி முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் நேராகக் கடைக்கு வந்துவிடுவாள். வெப் டெவலப்பர் ஆகணும் என்பதுதான் எந்நேரமும் பேச்சு. எல்லாத்தையும் ஏஐயே எழுதுதாமே, உன்னை எவன் கூப்பிடுவான் என்று சீண்டுவேன். அதை வச்சு வேலை வாங்க ஒரு ஆள் வேணும் இல்ல, அது நான்தான் என்பாள். வாய்க்குக் குறைச்சல் இல்லை.

அவளும் ஏஐயும் சேர்ந்து என் கடைக்கு ஒரு வெப்சைட் கட்டினார்கள். கல்லூரிக்கு வந்து வேலைக்கு ஆள் எடுக்கிறவர்களிடம் காட்டவும் அதுதான். போட்டோவைப் போட்டால் பேனர் தயார். அதற்கும் மேலே ஒரு வேலை சொல்லிவைத்தாள்: கடையின் பழைய ஃபைல்களையெல்லாம் பார்த்து, ஒருவருடைய அடுத்த ஆர்டர் என்னவாக இருக்கும் என்று அதுவே யோசித்து, முன்கூட்டியே செய்து வைக்கவேண்டும். காதுகுத்துப் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு பேனரைச் செய்து வைத்தது. நிச்சயதார்த்தப் பையனுக்குக் கல்யாண பேனர். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஐப்பசியில் கோவிந்தராசுக்கு ஐம்பத்திரண்டு முடிந்தது. கூட்டாளிகள் பிறந்தநாள் பேனர் கேட்டார்கள். கார்குழலி அப்பாவின் போட்டோவைப் போட்டாள். கோட்டு, கூலிங்கிளாஸ் எல்லாம் மாட்டி ஜோராக வந்தது. அடுத்த ஆர்டர் என்ற இடத்தில் அதே போட்டோவுக்கு மாலை போட்டிருந்தது. கண்ணீர் அஞ்சலி. தோற்றம் என்று அவர் பிறந்த தேதி. மறைவு என்று வருகிற தை மாதத்தில் ஒரு தேதி.

ஏதோ கோளாறு என்று அழித்தாள். திரும்பவும் அதுவே வந்தது. பக்கத்து வீட்டுக் கன்னியப்பன் படத்தைப் போட்டாள், அவருக்கும் மாலை. அடுத்த தெரு வாத்தியார் படத்துக்கு மட்டும் மணிவிழா பேனர். ஏன் இப்படி என்று அதையே கேட்டாள். அமரிக்கையாகப் பதில் வந்தது: இந்தத் தெருவில் ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்குப் பிறந்தநாள் பேனருக்கு அடுத்து வந்த ஆர்டர் பெரும்பாலும் இதுதான். படமும் அதே படம். இடைவெளியைக் கணக்கிட்டுத் தேதி போட்டிருக்கிறேன்.

அது பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கம் ஆம்பிளைகள் நல்ல போட்டோ எடுப்பது பிறந்தநாள் பேனருக்குத்தான். செத்தாலும் வீட்டார் அதையே கேட்பார்கள். நானும் பழைய ஃபைலைத் திறந்து, கூலிங்கிளாஸை எடுத்துவிட்டு மாலையைப் போடுவேன். மில் போனபிறகு சாராயத்துக்கு இந்தத் தெரு கொடுத்த ஆட்கள் அத்தனை பேரும் அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறார்கள். என் வீட்டுக்காரரும்தான்.

சாயங்காலம் பேனர் வாங்க வந்த கோவிந்தராசிடம் அப்போதே சாராய வாடை. கார்குழலி திரையை அவர் பக்கம் திருப்பினாள். முதலில் சிரித்தார். பிறகு தேதியைப் படித்தார். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"தேதியைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லு கண்ணு."

"அது நான் சொன்னா கேக்காது நைனா," என்றாள். "நீ குடிக்காம இருந்து பாரு."

வேலைக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் அவள் வெப்சைட்டைப் பார்த்தார்கள். மற்றதெல்லாம் எல்லாரும் செய்வதுதானாம். அந்த அடுத்த ஆர்டர்தான் பிரமாதமாம். அதற்காகவே, படிப்பு முடிந்ததும் வந்து சேரச் சொல்லிச் சென்னையில் வேலை கொடுத்தார்கள். என் கடையில் வந்து அழுதாள். இந்த வேலை வேணாம்க்கா என்றாள். போடி பைத்தியமே என்று திட்டினேன். எனக்கும் அழுகை வந்தது.

பேனரைப் பார்த்த நாளிலிருந்து கோவிந்தராசு கிளாஸைத் தொடவில்லை. தையில் அந்த நாள் வந்தது. கார்குழலி கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு, பொழுதெல்லாம் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலையில் கடைக்கு ஓடிவந்து வெப்சைட்டைத் திறந்து பார்த்தோம். மாலை அப்படியே இருந்தது. தேதி மட்டும் மாறியிருந்தது. நாளைய தேதி.

அதற்கடுத்த நாளும் அப்படித்தான். வெப்சைட்டையே தூக்கிவிடுகிறேன் என்று கார்குழலி சொன்னாள். கோவிந்தராசு விடவில்லை. இன்றைக்கும் காலையில் டியூட்டிக்குப் போகும்போது கடை வாசலில் சைக்கிளை நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டு கேட்கிறார்.

"என்னிக்குன்னு போட்டிருக்குது?"

"நாளைக்குத்தான்," என்கிறேன்.

"சரி, இன்னிக்கு வேலைக்குப் போயிட்டு வந்துடறேன்."